இடது பையில் அண்ணி

மார்ச் 4, திங்கள்

எங்கள் சலவை ஆலை வாசலில் இருந்த கார்டு அடிக்கும் மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் நாலு ஓட்டையும் ஒரு வெளுத்த சதுரமும்தான் மிச்சம். இனி எல்லாம் போனில். வந்துவிட்டேன் என்று சொல்லவும் போன், போகிறேன் என்று சொல்லவும் போன், நடுவில் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லவும் போன்.

கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்று விளக்கினார். வேலை நேரத்தில் போன் திடீர் திடீரென்று கூப்பிடுமாம். 'பணியில் இருக்கிறேன்' என்ற பச்சைப் பொத்தானை உடனே அமுக்க வேண்டுமாம். அமுக்காவிட்டால் நம் பெயர் சிவப்பாகும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் வேலை 'பரிசீலனை'க்குப் போகும்.

"பரிசீலனைன்னா என்ன சார்?" என்று பாய்லர்காரர் கேட்டார்.

"பரிசீலனைன்னா பரிசீலனைதான்."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் கையில் ஒயரோடு பிளக்கைத் தேடுகிற மனுஷன் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சார்ஜர். இனி அவருக்குப் பொற்காலம்.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தொப்பியோடு நின்ற அண்ணி என்னைப் பார்த்தார். அவரிடம் இருப்பது பொத்தான் போன். அதிலும் பச்சையும் சிவப்பும் மட்டும்தான் அவருக்குப் பழக்கம்.

மார்ச் 6, புதன்

கைமாறி வந்த டச் போன் ஒன்றை அண்ணிக்கு வாங்கிக் கொடுத்தோம். ஓரத்தில் ஒரு கீறல். பரவாயில்லை.

சாயங்காலம் பாடம் நடந்தது. அண்ணன் முதுகைத் தலையணையில் சாய்த்துப் படுத்தபடி வேடிக்கை பார்த்தார். முதுகு போய் லாரி ஓட்டுவதை விட்ட பிறகு அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. இப்போது வீடு ஓடுவது எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில்தான். அதனால் இது விளையாட்டுப் பாடம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணி தொடுகிறார், போன் அசையவில்லை. அழுத்துகிறார், அசையவில்லை. மறுபடி அழுத்தினால் வேறு எதுவோ திறக்கிறது. அவர் விரலைப் பிடித்துப் பார்த்தேன். ப்ளீச்சிலும் வெந்நீரிலும் இத்தனை வருஷம் ஊறி, நுனி வழவழவென்று காய்ந்து கிடக்கிறது. ரேகையே இல்லை. கைரேகை வைத்துத் திறக்கிற பேச்சுக்கே இடமில்லை.

"என்னை இது ஒரு மனுஷியாவே மதிக்க மாட்டேங்குது" என்றார்.

அண்ணன் மகள் காலேஜ் பையைக்கூடக் கீழே வைக்காமல், "அம்மா, மெதுவாத் தொடு, குத்தாத" என்றாள். "மெதுவாத்தான்டி தொடறேன்." "இதுவா மெதுவா?" எனக்கும் பொறுமை போய்விட்டது. "குடுங்க இங்க" என்று வாங்கி நானே எல்லாவற்றையும் போட்டு முடித்தேன். இரண்டு நிமிஷ வேலை.

அண்ணி வெறுங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 8, வெள்ளி

அண்ணிக்கு முதல் சிவப்பு.

அவர் இருப்பது கீழ்த்தளத்தில், பிரிக்கும் அறையில். ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளை அவிழ்த்து, ரத்தம் பட்டது தனி, படாதது தனி, மறந்துபோய் வந்த ஊசி தனி என்று பிரிக்கிற இடம். தொற்று வெளியே வரக்கூடாதென்று கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு. இரண்டும் சாத்தியே இருக்கும். உள்ளே காற்றை இழுக்கிற விசிறி போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. கையில் இரட்டை உறை. போன் கூப்பிட்டு, அது காதில் விழுந்து, உறையைக் கழற்றி, கையைக் கழுவி, அந்த வழவழ விரலால் தொட்டு — அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

டைக்காரர் இந்த அறையைப் பார்த்திருக்கிறாரா? மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்தார். அவ்வளவுதான்.

மார்ச் 12, செவ்வாய்

இரண்டாவது சிவப்பு. மாதம் பாதிகூட ஆகவில்லை.

சார்ஜர் துணி தேய்க்கிற ரோலர் பக்கம் வந்து, விரிப்பு மடிக்கிற என்னிடம், "உங்க அண்ணிகிட்ட கொஞ்சம் சொல்லி வைம்மா. இன்னொண்ணு விழுந்தா என் கையில இல்ல" என்றார். எப்போது என்ன இவர் கையில் இருந்தது, அந்த ஒயரைத் தவிர?

பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, மடியில் போனை வைத்துக்கொண்டு பச்சைப் பொத்தான் வருகிற இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பழகிக்கொண்டிருந்தார். அது அணைந்து கிடந்தது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "குடுங்க இங்க அண்ணி. நாளையிலிருந்து இதை நான் வச்சுக்கறேன். ரெண்டையும் நானே அமுக்கறேன்."

"தப்பில்லையா?"

"வேலை போறதுதான் தப்பு."

மார்ச் 13, புதன்

ஏப்ரனில் இரண்டு பை. வலது பையில் நான். இடது பையில் அண்ணி. வலது கூப்பிட்டால் வலது கட்டைவிரல், இடது கூப்பிட்டால் இடது கட்டைவிரல். ரோலர் ஓடிக்கொண்டே இருக்கிறது, விரிப்பும் கசங்கவில்லை.

நாங்கள் தினமும் ஒரே பஸ், ஒரே ஷிப்ட். வாசலில் நிற்கிற கம்பம் போனைப் பார்த்துத்தான் 'உள்ளே', 'வெளியே' என்று எழுதிக்கொள்கிறது. முகத்தைப் பார்ப்பதில்லை.

மார்ச் 22, வெள்ளி

இரண்டு பையும் பச்சை. அண்ணன் இன்று சிரித்துப் பேசினார்.

ஏப்ரல் 1, திங்கள்

இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. சிரிப்பா, பயமா?

வாசல் திரையில் அண்ணியின் படம். 'மாதத்தின் சுறுசுறுப்பான பணியாளர்'. மார்ச் பதின்மூன்றுக்குப் பிறகு ஒரு அழைப்பைக்கூடத் தவறவிடவில்லையாம், சராசரி வேகத்தில் ஆலையிலேயே முதலாம். சார்ஜர் கைதட்டச் சொன்னார், எல்லோரும் தட்டினோம். பாய்லர்காரர் விசிலே அடித்தார். அண்ணி மஞ்சள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போலீசில் மாட்டியவர் போல நின்றார்.

பஸ்ஸில் கேட்டார்: "அவங்க யாருக்குக் கைதட்டினாங்க?"

"உங்களுக்குத்தான்."

"நான் அந்தப் போனைத் தொட்டே ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. மூட்டை மூட்டையாப் பிரிச்சேனே, அதுக்கு ஒருநாள்கூட யாரும் தட்டினதில்ல."

 

ஏப்ரல் 5, வெள்ளி

போனில் இருக்கிற ஆப்பைப் புதுசாக்கிவிட்டார்கள். இன்றைக்குப் பழகியது நாளைக்கு இல்லை, வாரத்துக்கு ஒரு மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கிறது. இனி நாளில் ஒரு தடவை முகம் காட்ட வேண்டும். எப்போது என்று சொல்லாது.

பதினோரு மணிக்கு இடது பை கூப்பிட்டது. 'உங்கள் முகத்தைக் காட்டுங்கள்.' ரோலரைப் பக்கத்திலிருந்தவளிடம் விட்டுவிட்டு, பாத்ரூம் என்று சொல்லிப் படியிறங்கி ஓடினேன். முதல் கதவைத் திறந்து நடு இடத்திலிருந்தே கண்ணாடியைத் தட்டினேன். அண்ணி முகமூடியை இறக்கிக்கொண்டு வந்து நின்றார். போன் அவரைப் பார்த்தது. யோசித்தது. 'வெளிச்சம் போதவில்லை.' போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன். கடைசியில் பச்சை.

திரும்பி மேலே வந்தால் படியில் சார்ஜர். "கீழ உனக்கு என்ன வேலை?" "அண்ணிக்கு மாத்திரை குடுக்கப் போனேன் சார்." என் கையில் இரண்டு போன். ஏப்ரனுக்குப் பின்னால் மறைத்தேன். பார்த்தாரா, பார்க்கவில்லையா? அவர் கண் பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தது என்றே நினைத்துக்கொள்கிறேன்.

மத்தியானம் தீ ஒத்திகை. நேற்றே சொல்லிவிட்டார்கள், அதனால் முன்னாலேயே கீழே போய் அண்ணியைக் கையோடு கூட்டிக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் ஒத்திகை என்றால் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள், நாங்கள் 'இருக்கேன்' 'இருக்கேன்' என்று கத்துவோம், சிரிப்பாக இருக்கும். இப்போது சார்ஜர் திரையைப் பார்த்து, "எல்லாம் பச்சை, உள்ள போங்க" என்றார்.

பிரிக்கும் அறையில் சைரன் வேலை செய்யவில்லை என்று அண்ணி அவரிடம் சொன்னார். "அதான் ஒவ்வொருத்தர் போன்லயும் அடிக்குதேம்மா, அப்புறம் என்ன?" என்றார்.

ஏப்ரல் 10, புதன்

சண்டை. பெரிய சண்டை.

அண்ணி போனைத் திருப்பிக் கேட்டார். சார்ஜரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்றார். "எனக்கு இது வரலைன்னு சொல்றேன். வேற இடத்துல போடச் சொல்லிக் கேக்கறேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, தினமும் திருடி மாதிரி உள்ள போய்த் திருடி மாதிரி வெளிய வர்றேன்."

"நீங்க வாயைத் திறந்தா ரெண்டு பேர் பொழப்பும் போச்சு. உங்களுக்காகத்தானே நான் ஓடறேன்?"

"எனக்காக ஓடச் சொல்லல. ஒருநாள் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுன்னுதான் கேட்டேன். நீ பிடுங்கினே."

"எத்தனை தடவை சொல்லிக் குடுக்கறது? உங்களுக்கு ஏறல!"

சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் படுக்கையிலிருந்து என் பெயரைச் சொல்லி அதட்டினார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 12, வெள்ளி

பேச்சில்லை. பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்கிறார். இடது பை மட்டும் அடிக்கடி கூப்பிடுகிறது.

ஏப்ரல் 18, வியாழன்

ஆஸ்பத்திரி பெஞ்சு. நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ரோலரை ஓட்ட ஆரம்பித்த நேரம். டிரையர் பக்கமிருந்து தீய்ந்த வாடை. பின்னாலேயே புகை — உள்ளே படிந்திருந்த பஞ்சு பற்றிக்கொண்டதாம். எல்லோர் பையிலும் போன் அலறியது. என் வலது பை அலறியது. உடனே இடது பையும் அலறியது.

ரோலரை நிறுத்திவிட்டு ஓடினேன். எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். அவ்வளவுதான். இடது பை ஏன் அலறுகிறது, யாருக்காக அலறுகிறது என்று யோசிக்கவில்லை. முற்றத்துக்கு வந்ததும் இரண்டு போனிலும் பொத்தான் வந்தது. 'பாதுகாப்பாக இருக்கிறேன்.' வலது கட்டைவிரல் வலதை அமுக்கிச்சு. இடது கட்டைவிரல் இடதை அமுக்கிச்சு.

நான்தான் அமுக்கினேன். கை தானா அமுக்கிச்சுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. என் கைதானே?

சார்ஜர் திரையைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். "எல்லாம் பச்சை! எல்லாரும் வெளிய வந்தாச்சு!" யாரோ அப்பாடா என்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கிய ஆபீசர், "உள்ள யாராவது இருக்காங்களா?" "யாரும் இல்ல சார், இதோ பாருங்க" என்று சார்ஜர்.

அப்போதுதான் மஞ்சள் தொப்பியைத் தேடினேன். பிரிக்கும் அறையில் அன்றைக்கு அண்ணி மட்டும்தான், கூட வேலை செய்கிறவர் லீவு. முற்றத்தில் வெள்ளைத் தொப்பி, நீலத் தொப்பி. மஞ்சளே இல்லை. பின்வாசல் வழியாக வந்திருப்பார் என்று நினைத்தேன். பின்வாசல் பூட்டித்தான் இருக்கும் என்றும் தெரியும். சொன்னால் வேலை போய்விடுமே என்ற நினைப்பும் வந்தது. வந்துச்சு. கண்ணிமைக்கிற நேரம்தான், ஆனா வந்துச்சு, இல்லைன்னு எழுத மாட்டேன்.

"அண்ணி உள்ள இருக்காங்க!"

"இல்லம்மா, அவங்க வெளியதான் இருக்காங்க, பச்சை காட்டுது பாரு" என்று சார்ஜர் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இரண்டு பையிலும் கையை விட்டு இரண்டு போனையும் எடுத்துத் தூக்கிப் பிடித்தேன்.

"போன்தான் சார் வெளிய இருக்கு. அண்ணி உள்ள இருக்காங்க!"

அவர் முகம் செத்துப்போச்சு. ஆபீசர் வேறு எதுவும் கேட்கவில்லை. "எந்த ரூம்?" என்றார். "கீழ, படி இறங்கி இடதுபக்கம், ரெண்டு கதவு." மூன்று பேர் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை. கையில் அண்ணியின் போன். அதில், 'நன்றி. நீங்கள் பாதுகாப்பாக இருப்பதில் மகிழ்ச்சி.' அதைத் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவும் பயம். அண்ணி என்ன சொல்லுவாங்களோன்னு.

தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. இருமினார், கரியாகத் துப்பினார். சைரன் இல்லை, விசிறிச் சத்தம், போன் இல்லை — நடுக்கதவுக் கண்ணாடியில் புகை தெரிந்தபோதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஈர விரிப்புகளைக் கதவடியில் திணித்துவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறார். கதவைத் தட்டியிருக்கிறார். யாருக்குக் கேட்கும்? எல்லோரும்தான் பச்சையாக வெளியே நின்றோமே.

ஆம்புலன்சில் வாயிலிருந்த காற்றுக் குழாயை விலக்கிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். குனிந்தேன்.

"இன்னைக்குச் சிவப்பு விழுந்துடுச்சா?"

ஏப்ரல் 20, சனி

நுரையீரலில் புகை போயிருக்கிறது, நாளாகும், சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் முதுகு வலியோடு ஆட்டோ பிடித்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நான்தான் பேச்சை எடுத்தேன். அந்தப் பச்சையை அமுக்கினது நான்தான் அண்ணி என்றேன். "தெரியும், வேற யாரு அமுக்குவா?" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். அது கோபமா களைப்பா என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

விசாரணை. டைக்காரர், கூட ஒரு அம்மா, ஓரத்தில் சார்ஜர். என் முன்னால் ஒரு திரை. அண்ணி வாசலைத் தாண்டியதாகவும் 'பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று அவரே அமுக்கியதாகவும் அதில் இருக்கிறது.

"இதை அமுக்கினது யாரு?"

"நான்."

"இது எவ்வளவு பெரிய தப்புன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது. கீழ சைரன் ஏன் அடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"எச்சரிக்கை அவங்க போனுக்கு அனுப்பியாச்சு."

"அது என் பையில அடிச்சுது."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்" என்றார் டைக்காரர். சொன்னதில் தப்பில்லை. 

எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு குரல். சார்ஜர். "சைரன் கெட்டு ரொம்ப நாளாச்சு சார். சொன்னேன். ஆப்புல போடச் சொன்னீங்க. போட்டேன். 'பரிசீலனையில்'னு வந்துச்சு." இதைச் சொல்லும்போது அவர் கையில் ஒயர் இல்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதையும் போனில்தான் சொன்னார்கள். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன், செய்தி வந்தது, என் பெயர் சாம்பல் நிறமாகிவிட்டது. சாம்பல் என்று ஒரு நிறம் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

அண்ணியை வைத்துக்கொள்வார்களாம். எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். ரோலர்க்காரிகள், பாய்லர்காரர் எல்லோரும் முற்றத்திலேயே நின்றார்களாம். கீழே சைரன் அடிக்கிற வரைக்கும் உள்ளே போகமாட்டோம், பழையபடி வாயால் பேர் கூப்பிட வேண்டும் என்று. இரண்டும் நடந்துவிட்டது. என்னைத் திரும்ப எடுப்பதைப் பற்றியும் கேட்டார்களாம். அது நடக்கவில்லை.

மே 2, வியாழன்

அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார். "நீ இல்லாம நான் அங்க போகமாட்டேன்" என்று அவர். "போகாம என்ன பண்ணுவீங்க?" என்று நான். அண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அண்ணிதான் கையை நீட்டினார். "அந்தப் போனை எடு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எடுத்துக் கொடுத்ததோடு சரி. தொட்டார், அசையவில்லை. வழவழ விரலைப் பார்த்தார். பிறகு விரலை மடக்கி முட்டியால், கதவைத் தட்டுகிற மாதிரி டொக்கென்று ஒரு தட்டு. திறந்துவிட்டது! ஆஸ்பத்திரியில் பொழுது போகாமல் மகளின் போனில் அவரே கண்டுபிடித்தாராம். இரண்டு மாதமாக எனக்குத் தோன்றவில்லையே. தோன்ற எங்கே விட்டேன், பிடுங்கத்தானே தெரிந்தது?

தட்டித் தட்டித் தப்பான இடத்துக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். என் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் மகள் வந்து பார்த்து, "அத்தை, எதுக்குக் கையை அமுக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். "உங்கம்மா படிக்கிறாங்க, சும்மா இரு" என்றேன். அண்ணி நிமிராமலே சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

மே 6, திங்கள்

அண்ணி இன்று தனியாக வேலைக்குப் போனார். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் ஏப்ரனே கிடையாது, ஆனாலும் இடது கை அடிக்கடி இடுப்புப் பக்கம் போய்த் தேடியது.

ஷிப்ட் தொடங்குகிற நேரத்துக்கு என் போன் அடித்தது. திரையில் அண்ணி. அவர் தானாக எனக்கு அடிக்கிற முதல் போன்.

"நான்தான் பேசறேன். வாசல் தாண்டிட்டேன், அது பச்சைதான் காட்டுது. ஆனாலும் உன்கிட்ட வாயால சொல்லிடணும்னு தோணுச்சு. சாயங்காலம் வெளிய வந்ததும் சொல்றேன், என்ன?"

"சரி அண்ணி."

"பேர் கூப்பிடறாங்க. வச்சுடறேன்."

வைக்கவில்லை. அணைக்க இன்னும் அவருக்கு வரவில்லை போலிருக்கிறது. பையில் போட்டுக்கொண்டார், துணி உரசுகிற சத்தம். தூரத்தில் சார்ஜர் குரல், ஒவ்வொரு பேராக. 'இருக்கேன்.' 'இருக்கேன்.' பாய்லர்காரர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் அணைக்கவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அண்ணி பேரைக் கூப்பிட்டார்கள்.

"இருக்கேன்!" என்றார். சத்தமாக. என் காது அடைத்துப்போகிற அளவுக்கு.